உங்கள் சர்வருக்குள் என்னென்ன இருக்கிறது? டெல்லி கேட்கும் பட்டியலும் ‘குட்டி ஓஎஸ்’ தரும் பதிலும்

2022 நவம்பர் 23. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் முடங்கின. புறநோயாளிகள் பதிவு, பரிசோதனை முடிவு, பில் எல்லாமே காகிதத்துக்கும் பேனாவுக்கும் திரும்பின. ஏறத்தாழ இரண்டு வாரம் இப்படித்தான் ஓடியது. பின்னர் நாடாளுமன்றத்தில் மத்திய அரசு தந்த பதிலில் இரண்டு எண்கள் இருந்தன. பாதிக்கப்பட்ட சர்வர்கள் 5. பூட்டப்பட்ட தரவு சுமார் 1.3 டெராபைட். நெட்வொர்க்கைச் சரியாகப் பகுதி பிரிக்காததே தாக்குதலுக்கு வழிவிட்டது என்று முதற்கட்ட ஆய்வு சொன்னது.

அப்போது விவாதம் பெரும்பாலும் ‘யார் செய்தது, எந்த நாட்டிலிருந்து செய்தது’ என்பதைச் சுற்றியே போனது. இன்னொரு கேள்வி அவ்வளவாகப் பேசப்படவில்லை. இப்படி ஒரு சர்வருக்குள் என்னென்ன மென்பொருள்கள் இருக்கின்றன? அவற்றில் எது வேலை செய்கிறது, எது சும்மா கிடக்கிறது? அந்தப் பட்டியல் யாரிடமாவது இருக்கிறதா?

இப்போது டெல்லியே அதைக் கேட்கத் தொடங்கியிருக்கிறது. நாட்டின் சைபர் பாதுகாப்பு அவசரக் குழுவான செர்ட்-இன், 2024 அக்டோபரில் எஸ்பிஓஎம் எனப்படும் மென்பொருள் உட்பொருள் பட்டியலுக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. பிஸ்கட் பாக்கெட்டின் பின்னால் மாவு, சர்க்கரை, எண்ணெய் என்று அச்சடித்திருப்பார்கள் இல்லையா, அதே போல ஒரு மென்பொருளுக்குள் இருக்கும் ஒவ்வொரு துண்டையும் பெயர், பதிப்பு எண்ணோடு எழுதி வைக்கச் சொல்கிறது அது. 2025 ஜூலையில் அதன் இரண்டாம் பதிப்பு வந்தது. பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியும் 2024 ஆகஸ்டில் வெளியிட்ட சைபர் பாதுகாப்புச் சட்டகத்தில் இந்தப் பட்டியலைச் சேர்த்தது.

பட்டியல் எழுத உட்கார்ந்தால்தான் பிரச்சினை புரியும். வழக்கமான ஒரு லினக்ஸ் சர்வரில் பல நூறு பேக்கேஜ்கள் இருக்கும். அவற்றில் பாதியின் பெயரைக்கூட அந்தக் குழுவில் யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். பட்டியலை எப்படி எழுதுவது என்பதைவிட, பட்டியலையே எப்படிச் சின்னதாக்குவது என்பதுதான் நல்ல கேள்வி. விர்ச்சுவல் மெஷின்களுக்கென்றே கட்டப்படும் ‘மினிமல்’ ஓஎஸ்கள் அங்கேதான் வருகின்றன.

முதலில், விர்ச்சுவல் மெஷின் என்றால் என்ன?

ஒரு பெரிய கணினியை மென்பொருளால் பங்கு போட்டு, ஒவ்வொரு பங்கும் தன்னைத் தனிக் கணினி என்று நம்பும்படி செய்வதுதான் விர்ச்சுவல் மெஷின். பங்கு போடும் மென்பொருளின் பெயர் ஹைப்பர்வைசர். ஒவ்வொரு பங்குக்குள்ளும் தனியாக ஓர் ஓஎஸ் ஓடும்.

நாம் தினமும் பயன்படுத்தும் பல சேவைகளுக்கு அடியில் இருப்பது இதுதான். என்ஐசி எனப்படும் தேசிய தகவலியல் மையம் ‘மேகராஜ்’ கிளவுடை 2014-ல் தொடங்கியது. டெல்லி சாஸ்திரி பார்க், புனே, ஹைதராபாத், புவனேஸ்வர் ஆகிய இடங்களில் அதன் தேசியத் தரவு மையங்கள் இருக்கின்றன. ஓர் அரசுத் துறை புதிதாக ஒரு இணையதளம் தொடங்க வேண்டுமென்றால் இப்போது கணினி வாங்கி அலமாரியில் அடுக்குவதில்லை. ஒரு விர்ச்சுவல் மெஷின் கேட்டு வாங்குகிறது. அமேசான், கூகுள், மைக்ரோசாஃப்ட் கிளவுடில் உங்கள் அலுவலகம் செய்வதும் அதுவேதான்.

அந்த விர்ச்சுவல் மெஷினுக்குள் பெரும்பாலும் போடப்படுவது எது? எல்லாக் கணினிக்கும் பொருந்தும்படி தயாரிக்கப்பட்ட பொதுவான ஓஎஸ். சிக்கல் அங்கேதான்.

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காக டெல்லி வந்து, முனிர்க்காவில் ஒற்றை அறை எடுக்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவர் ஊரிலிருந்து ஆட்டுக்கல், அண்டா, கட்டில், ஊஞ்சல் என்று மொத்த வீட்டையும் லாரியில் ஏற்றி வந்தால் எப்படி இருக்கும்? பொதுவான ஓஎஸ் விர்ச்சுவல் மெஷினுக்குள் நுழைவதும் அப்படித்தான். அங்கே ப்ளூடூத் கிடையாது, வைஃபை கிடையாது, பிரிண்டர் கிடையாது, ஸ்பீக்கர் கிடையாது. இருப்பது ஒரு மெய்நிகர் டிஸ்க், ஒரு மெய்நிகர் நெட்வொர்க் அட்டை, எழுத்துகளை வெளியே அனுப்ப ஒரு கன்சோல். அவ்வளவுதான். ஆனால் லினக்ஸ் கெர்னலின் மூலக் குறியீடு இன்று 3 கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. அதில் பாதிக்கும் மேல் விதவிதமான வன்பொருள்களுக்கான டிரைவர்கள்.

சும்மா கிடப்பது என்ன செய்துவிடும்?

‘டிஸ்க் மலிவுதானே, கிடந்துவிட்டுப் போகட்டும்’ என்று சொல்லலாம். இதற்கு இரண்டு சம்பவங்கள் பதில் சொல்கின்றன.

முதலாவது 2015 மே மாதம். கியூஇஎம்யு என்ற மென்பொருள், விர்ச்சுவல் மெஷின்களுக்குப் போலி வன்பொருள்களை உருவாக்கித் தருவது. அதில் ஃப்ளாப்பி டிஸ்க் கட்டுப்படுத்தி ஒன்று இருந்தது. அதில் 2004-லிருந்தே ஒரு பிழை இருந்தது தெரியவந்தது. ஒரு விர்ச்சுவல் மெஷினுக்குள் உயர் அனுமதி பெற்ற ஒருவர், அந்தப் பிழை வழியாகச் சுவரைத் தாண்டி வெளியே இருக்கும் உண்மையான கணினிக்குள் வர முடியும். அங்கிருந்து பக்கத்து வாடகைதாரர்களின் மெஷின்களுக்கும் போகலாம். ‘வெனம்’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். கிளவுடில் யார் ஃப்ளாப்பி பயன்படுத்துகிறார்கள்? யாரும் இல்லை. ஃப்ளாப்பியை ‘வேண்டாம்’ என்று அணைத்து வைத்திருந்தால்கூடச் சில அமைப்புகளில் அந்தக் குறியீடு உயிரோடுதான் இருந்தது.

இரண்டாவது 2024 மார்ச் 29. மைக்ரோசாஃப்டில் வேலை பார்க்கும் போஸ்ட்கிரெஸ் நிரலாளர் ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட், தன் லினக்ஸ் கணினியில் எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைய அரை வினாடி அதிகம் ஆவதைக் கவனித்தார். ஏன் என்று தோண்டியபோது, ‘எக்ஸ்இஸட்’ என்ற சுருக்கும் கருவியின் புதிய பதிப்புகளில் யாரோ திட்டமிட்டு ஒரு பின்வாசலை வைத்திருப்பது தெரிந்தது. ஃபைல்களைச் சுருக்கும் கருவிக்கும் தொலைவிலிருந்து நுழையும் எஸ்எஸ்ஹெச்சுக்கும் நேரடியாக எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் சில லினக்ஸ் வகைகள் எஸ்எஸ்ஹெச்சை ‘சிஸ்டம்டி’ என்ற தொடக்க நிர்வாகியோடு இணைத்திருந்தன. சிஸ்டம்டியின் நூலகம் எக்ஸ்இஸட்டின் நூலகத்தை இழுத்து வந்தது. வாசலுக்கு வாசல் கைகோத்துக்கொண்டு திருடன் உள்ளே வந்த கதை.

அந்தப் பதிப்புகள் பெரும்பாலும் சோதனை நிலை லினக்ஸ்களில் மட்டுமே போயிருந்ததால் உலகம் தப்பியது. ஆல்பைன் போன்ற சிறிய லினக்ஸில் சிஸ்டம்டி கிடையாது. பின்வாசல் எதிர்பார்த்த சி நூலகமும் அதில் இல்லை. அதனால் அந்தத் தாக்குதல் அங்கே வேலை செய்ய வழியே இல்லை. ஆல்பைனின் காவல்காரர்கள் கெட்டிக்காரர்கள் என்பதால் அல்ல, கைகோக்க அங்கே ஆள் இல்லை என்பதால்.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வெனம் விர்ச்சுவல் மெஷினைச் சுமக்கும் வெளிப்புறத்தின் பிழை. எக்ஸ்இஸட் உள்ளே ஓடும் ஓஎஸ்ஸின் பிரச்சினை. குறைக்க வேண்டியது இரண்டு பக்கமும்தான்.

குட்டி ஓஎஸ்ஸை எப்படிக் கட்டுகிறார்கள்?

இதற்கு ஒரே வழி இல்லை. எவ்வளவு தூரம் வெட்டத் தயாராக இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து நான்கு படிகள் இருக்கின்றன.

முதல் படி, ஏற்கெனவே சின்னதாக இருக்கும் லினக்ஸிலிருந்து தொடங்குவது. ஆல்பைன் இதில் பிரபலம். அதன் அடிப்படை கன்டெய்னர் இமேஜ் 10 மெகாபைட்டுக்கும் குறைவு, பேக்கேஜ்கள் 15 சொச்சம். பொதுவான சர்வர் ஓஎஸ்ஸின் கிளவுட் இமேஜ் பல நூறு மெகாபைட் வரும்.

இரண்டாம் படி, நாமே கட்டுவது. இதைக் கேட்டு மிரள வேண்டாம், அடிப்படை எளியதுதான். லினக்ஸ் பூட் ஆக உண்மையில் தேவைப்படுவது கெர்னல், அது முதலில் இயக்கும் ‘இனிட்’ என்ற ஒரு புரோகிராம், உங்கள் செயலி. கெர்னலை எல்லா வசதியும் அணைக்கப்பட்ட குறைந்தபட்ச அமைப்பிலிருந்து தொடங்கி, விர்ச்சுவல் மெஷினுக்கு வேண்டிய ‘விர்ட்ஐஓ’ டிஸ்க், நெட்வொர்க் டிரைவர்கள், கன்சோல், ஒரு ஃபைல் சிஸ்டம் என்று ஒவ்வொன்றாக ஆன் செய்கிறார்கள். வழக்கமான கட்டளைகளுக்கு ‘பிஸிபாக்ஸ்’ என்ற ஒற்றைக் கருவி போதும். உங்கள் செயலியை வெளி நூலகம் எதுவும் தேவைப்படாதபடி ஒரே ஃபைலாக கம்பைல் செய்து உள்ளே வைக்கலாம். ‘பில்ட்ரூட்’ என்ற கருவி இந்த மொத்த வேலையையும் ஒரு சமையல் குறிப்பு மாதிரி எழுதி வைத்து, எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பச் செய்ய உதவுகிறது.

மூன்றாம் படி, மாற்ற முடியாத ஓஎஸ். அமேசானின் பாட்டில்ராக்கெட், ஃப்ளாட்கார், டாலோஸ் போன்றவை இந்த வகை. ஓஎஸ் பகுதி படிக்க மட்டுமே, எழுத முடியாது. ஓடிக்கொண்டிருக்கும் மெஷினில் புதிதாக எதையும் நிறுவும் பழக்கமே இங்கே இல்லை. அப்டேட் என்றால் முழு இமேஜையும் மாற்றுவதுதான். புதியது சரியாக பூட் ஆகாவிட்டால் பழையதற்குத் திரும்பலாம். டாலோஸில் எஸ்எஸ்ஹெச்சும் கிடையாது, கட்டளை அடிக்க ஷெல்லும் கிடையாது. எல்லாம் ஏபிஐ வழியாகத்தான்.

நான்காம் படி, ‘யூனிகெர்னல்’. இங்கே ஓஎஸ் என்று தனியாக ஒன்று இல்லை. உங்கள் செயலியும் அதற்குத் தேவையான ஓஎஸ் துண்டுகளும் மட்டும் ஒன்றாகக் கம்பைல் ஆகி, நேரடியாக ஹைப்பர்வைசர் மேல் ஓடும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் அனில் மாதவபெட்டி குழு உருவாக்கிய ‘மிராஜ்ஓஎஸ்’ இதன் முன்னோடி, அவர்களின் முக்கிய ஆய்வுக் கட்டுரை 2013-ல் வந்தது. அதில் ஒரு டிஎன்எஸ் சர்வர் முழுவதும் அரை மெகாபைட்டுக்குள் அடங்கியது. 2015-ல் மிராஜ் குழுவினர் இன்னொன்றும் செய்தார்கள். ஒரு யூனிகெர்னலுக்குள் 10 பிட்காயினின் சாவியை வைத்து இணையத்தில் விட்டு, ‘உடைத்து எடுக்க முடிந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்றார்கள். மூன்று ஆண்டுகள் ஓடியது, யாரும் எடுக்கவில்லை.

இவை நான்கும் உள்ளே ஓடும் ஓஎஸ். வெளிப்பக்கத்தையும் மெலிய வைக்கலாம். அமேசான் 2018 நவம்பரில் திறமூலமாக வெளியிட்ட ‘ஃபயர்கிராக்கர்’ அப்படிப்பட்டது. கியூஇஎம்யு சுமார் 14 லட்சம் வரிகள் என்றால் ஃபயர்கிராக்கர் சுமார் 50,000 வரிகள் என்று அதன் 2020 ஆய்வுக் கட்டுரை சொன்னது. அது தரும் போலி வன்பொருள்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, ஃப்ளாப்பி அதில் இல்லை. 125 மில்லிவினாடியில் ஒரு மெஷினைத் தொடங்கி வைக்கும். அதற்கெனத் தன் பங்குக்கு எடுக்கும் நினைவகம் சுமார் 5 மெகாபைட்தான். அமேசானின் லாம்ப்டா சேவைக்கு அடியில் ஓடுவது இதுதான்.

இது புது யோசனையா?

இல்லை. 1960-களின் பிற்பாதியில் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் ஐபிஎம் ஆய்வகம் விர்ச்சுவல் மெஷினை முதன்முதலில் உருவாக்கியபோதே இதைச் செய்தது. ஒரு பெரிய கணினியைப் பலருக்குப் பிரித்துத் தரும் வேலையை ‘சிபி’ என்ற அடுக்கு பார்த்துக்கொண்டது. ஒவ்வொருவரின் மெஷினுக்குள்ளும் ஓடியது ‘சிஎம்எஸ்’ என்ற எளிமையான, ஒரே ஒருவருக்கான ஓஎஸ். பங்கு போடும் கவலை கீழே முடிந்துவிட்டதால் மேலே இருப்பது எளிமையாக இருந்தால் போதும் என்று அன்றே யோசித்திருக்கிறார்கள். 1972-ல் அது விஎம்/370 என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. அதன்பிறகு விர்ச்சுவல் மெஷின்கள் மலிவான சாதாரண சர்வர்களுக்குப் பரவியபோது, மக்கள் தங்கள் பழைய சர்வர்களை அப்படியே தூக்கி உள்ளே வைத்தார்கள். வேலை சீக்கிரம் முடிந்தது, மூட்டை முடிச்சும் கூடவே வந்துவிட்டது.

உங்கள் லேப்டாப்பிலேயே குட்டி ஓஎஸ் இருக்கக்கூடும். மேக்கில் டாக்கர் டெஸ்க்டாப் வைத்திருக்கிறீர்களா? அதற்கு அடியில் ‘லினக்ஸ்கிட்’ கொண்டு கட்டப்பட்ட ஒரு சின்ன லினக்ஸ் விர்ச்சுவல் மெஷின் ஓடுகிறது. விண்டோஸில் டபிள்யுஎஸ்எல்-2 பயன்படுத்துகிறீர்களா? அதுவும் எடை குறைந்த ஒரு விர்ச்சுவல் மெஷின்தான்.

டெல்லியின் விதிகளோடு இது ஒத்துப்போகுமா?

இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. லோதி சாலை சிஜிஓ வளாகத்திலிருந்து இயங்கும் செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28 அன்று ஓர் உத்தரவு போட்டது. எய்ம்ஸ் சம்பவத்துக்கு ஏழு மாதம் முன்பு. அதில் மூன்று அம்சங்கள் குட்டி ஓஎஸ் கட்டுபவர்களை நேரடியாகத் தொடுகின்றன.

ஒன்று, லாக்குகளை 180 நாள் பாதுகாப்பாக வைத்திருக்க வேண்டும். படிக்க மட்டுமே ஆன ஓஎஸ்ஸில், அரை மணி நேரம் வாழ்ந்துவிட்டு மறையும் மெஷினில் லாக்கை எங்கே வைப்பது? உள்ளே வைக்கவே முடியாது. ஆகவே லாக் உருவாகும்போதே வெளியே வேறொரு சேமிப்புக்கு அனுப்பும் சின்ன நிரல் ஒன்று ஓஎஸ்ஸுக்குள் கட்டாயம் இருந்தாக வேண்டும். பார்க்கப்போனால் இது நல்லதுதான். சர்வருக்குள் நுழைந்தவன் முதலில் அழிப்பது அங்கே இருக்கும் லாக்கைத்தான். வெளியே போய்விட்டதை அவனால் அவ்வளவு எளிதில் அழிக்க முடியாது.

இரண்டு, கடிகாரம். எல்லா சர்வர்களும் என்ஐசியின் அல்லது டெல்லி பூசாவில் இருக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரோடு, அல்லது அவற்றோடு ஒத்திசைந்த வேறு நேர சர்வரோடு தங்கள் கடிகாரத்தைச் சரிபார்க்க வேண்டும். இடையில் நிறுத்தி வைத்து மீண்டும் எழுப்பப்படும் விர்ச்சுவல் மெஷினின் கடிகாரம் பின்தங்கிவிடும். வெட்டுகிற ஜோரில் நேரம் சரிபார்க்கும் நிரலையும் வெட்டிவிட்டால், பத்து மெஷின்களின் லாக்குகளை அடுக்கி எது முதலில் நடந்தது என்று பார்க்கவே முடியாது.

மூன்று, சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். எக்ஸ்இஸட் போன்ற ஒரு செய்தி வெள்ளிக்கிழமை இரவு வருகிறது என்று வையுங்கள். ‘நம்மிடம் அது இருக்கிறதா?’ என்பதுதான் முதல் கேள்வி. இமேஜில் 20 பொருள்கள் இருந்தால் ஒரு நிமிடத்தில் பதில். 600 பேக்கேஜ்கள், 40 சர்வர்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் கைப்பட நிறுவியது என்றால்? விடிந்தாலும் தெரியாது.

குட்டி ஓஎஸ்ஸின் உண்மையான லாபம் மெகாபைட் சேமிப்போ, பூட் வேகமோ அல்ல. உள்ளே இருக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் யாராவது ஒருவர் பொறுப்பேற்க முடிகிற அளவுக்குப் பட்டியல் சுருங்குகிறது. அதுதான் லாபம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. பட்டியல் சின்னதாக இருப்பது வேறு, சின்னதாகத் தெரிவது வேறு. பாதுகாப்பு ஸ்கேனர்கள் பலவும் ஓஎஸ்ஸுக்குள் இருக்கும் பேக்கேஜ் பதிவேட்டைப் பார்த்துத்தான் ஓட்டைகளைச் சொல்கின்றன. எல்லாவற்றையும் ஒரே ஃபைலாகக் கம்பைல் செய்து, பதிவேட்டையும் நீக்கிவிட்டால் ஸ்கேனர் ‘0 ஓட்டைகள்’ என்று பச்சை விளக்கு காட்டக்கூடும். பழைய நூலகம் உள்ளே பத்திரமாகக் கலந்திருக்கும், கண்ணுக்குத்தான் தெரியாது. அதனால் உட்பொருள் பட்டியலை இமேஜ் கட்டும்போதே எழுத வேண்டும். கட்டி முடித்தபின் மோப்பம் பிடித்து எழுதக் கூடாது.

ராத்திரி ரெண்டு மணிக்கு என்ன செய்வது?

இவ்வளவு நல்லதென்றால் ஏன் எல்லோரும் மாறவில்லை? எதிர்வாதங்கள் வலுவாகவே இருக்கின்றன.

பெரியது, பழுது பார்ப்பது. ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் தடுமாறுகிறது. நீங்கள் உள்ளே நுழைந்து பார்க்க வேண்டும். ஆனால் ஷெல் இல்லை, நெட்வொர்க்கைச் சோதிக்கும் கருவி இல்லை, எந்தப் புரோகிராம் நினைவகத்தைத் தின்கிறது என்று பார்க்க வழியில்லை. 2016 ஜனவரியில் பிரையன் கான்ட்ரில் என்ற பொறியாளர் யூனிகெர்னல்கள் நிஜ உலகச் சேவைக்கு லாயக்கில்லை என்று எழுதியபோது அவர் அடித்துச் சொன்ன காரணம் இதுதான். அளவீடுகளும் தடயங்களும் வெளியே வரும்படி முன்கூட்டியே யோசித்துக் கட்டாதவர்களுக்கு அவர் சொன்னது இன்றும் பொருந்தும்.

அடுத்தது, பொருத்தம். ஆல்பைன் பயன்படுத்தும் ‘மஸில்’ என்ற சி நூலகம் சின்னது, சுத்தமானது. ஆனால் வழக்கமான நூலகத்தை நம்பி எழுதப்பட்ட மென்பொருள் சில சமயம் அதில் வினோதமாக நடந்துகொள்ளும். பெரிய டிஎன்எஸ் பதில்களை டிசிபி வழியாகப் பெறும் வசதியே அதில் 2023-ல்தான் வந்தது. பைத்தான் தொகுப்புகள் சில அதில் நேரடியாக நிறுவ முடியாமல் கம்பைல் செய்ய வேண்டியிருக்கும், பத்து வினாடி வேலை பத்து நிமிடமாகும்.

மூன்றாவது, காகித விதிகள். ‘ஒவ்வொரு சர்வரிலும் ஆன்டிவைரஸ் ஏஜென்ட் நிறுவப்பட்டுள்ளதா?’ என்று ஒரு பெட்டி தணிக்கைப் படிவத்தில் இருந்தால், எதையும் நிறுவவே முடியாத ஓஎஸ்ஸை வைத்து அதில் எப்படி டிக் அடிப்பது? இந்த ஏஜென்ட்களும் தவறிழைக்காதவை அல்ல. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு ஏஜென்ட்டுக்கு வந்த ஒரு தவறான அப்டேட், சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத் திரையில் நிறுத்தியது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்த நாள் அது. பாதுகாப்புக்காகச் சேர்ப்பதும் பட்டியலில் இன்னொரு வரிதான், அதற்கும் யாராவது பொறுப்பேற்க வேண்டும்.

நான்காவது, அப்டேட். குட்டி ஓஎஸ் கட்டிவிட்டோம் என்று மறந்துவிட முடியாது. உள்ளே இருக்கும் 20 பொருள்களில் ஒன்றுக்குப் பேட்ச் வந்தால் இமேஜை மீண்டும் கட்டி, சோதித்து, மாற்ற வேண்டும். அந்த வேலை தானாக நடக்கும்படி அமைக்காத குழு கட்டியது, சின்னதாக இருந்தாலும் ஒரு வருடத்தில் பழைய ஓஎஸ்தான். சென்ட்ஓஎஸ்-7க்கான ஆதரவு 2024 ஜூன் 30-ல் முடிந்தபோது மாற முடியாமல் திணறியவர்களைக் கேட்டால் தெரியும்.

அப்படியானால் எய்ம்ஸைக் காப்பாற்றியிருக்குமா?

நேர்மையாகச் சொன்னால், குட்டி ஓஎஸ் மட்டும் இருந்திருந்தால் போதாது. அரசு சொன்ன காரணம் நெட்வொர்க் பிரிப்பு. ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குக் கதவில்லாமல் இருந்தால், அறைக்குள் சாமான் குறைவு என்பது திருடனைத் தடுக்காது. தரவைப் பூட்டுகிறவனுக்கு ஓஎஸ் சின்னதா பெரியதா என்பதும் முக்கியமில்லை. அதற்குத் தனியாக, தொட முடியாத இடத்தில் பேக்கப் வேண்டும்.

வித்தியாசம் வரக்கூடியது மீள்வதில். தாக்குதலுக்கு ஆறு நாள் கழித்து, நவம்பர் 29 அன்று, இ-ஹாஸ்பிடல் தரவு மீட்கப்பட்டதாக எய்ம்ஸ் அறிவித்தது. ஆனாலும் நெட்வொர்க்கைச் சுத்தப்படுத்தும் வேலை முடியாததால் சேவைகள் காகிதத்திலேயே தொடர்ந்தன. தரவு திரும்பினாலும் ‘இந்த மெஷினை இப்போது நம்பலாமா?’ என்ற கேள்வி மீதமிருக்கிறது. பல ஆண்டுகளாகக் கைப்பட நிறுவி, திருத்தி, ஒட்டுப்போட்டு வந்த சர்வருக்கு அந்தப் பதிலைச் சொல்வது கடினம். ஒவ்வொன்றாகச் சோதித்தாக வேண்டும். சமையல் குறிப்பிலிருந்து கட்டப்பட்ட, தரவிலிருந்து பிரித்து வைக்கப்பட்ட ஓஎஸ் என்றால் சுத்தம் செய்ய வேண்டியதே இல்லை. தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகக் கட்டலாம். அதற்காவது வரிசையில் நிற்கும் நோயாளியின் நேரம் மிச்சமாகும்.

‘நம்ம ஓஎஸ்’ போதாதா?

இந்தியாவில் ஓஎஸ் பற்றிப் பேச்சு வந்தாலே சுதேசி ஓஎஸ் பற்றித்தான் பேசுகிறோம். சென்னை சி-டாக் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸ் 2007-லிருந்து இருக்கிறது. பாதுகாப்பு அமைச்சகம் உபுண்டு அடிப்படையிலான ‘மாயா’வுக்கு மாறுகிறது என்று 2023 ஆகஸ்டில் செய்தி வந்தது. இவை முக்கியமான முயற்சிகள். ஆனால் இவை பெரும்பாலும் மேசை மேல் இருக்கும் கணினியைப் பற்றியவை. அடிப்படையில் அதே பல நூறு திறமூலப் பேக்கேஜ்கள்தான் உள்ளே. எக்ஸ்இஸட் மாதிரி ஒன்று வரும்போது ஓஎஸ்ஸுக்கு யார் பெயர் வைத்தார்கள் என்பது உதவாது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்திருப்பதுதான் உதவும்.

செர்ட்-இன்னின் பட்டியல் விதி அந்தத் திசையில் ஒரு நல்ல தொடக்கம். அடுத்த கட்டம் அரசு டெண்டர்களில் இருக்கிறது. ‘ஓஎஸ் நிறுவித் தர வேண்டும்’ என்று கேட்பதற்குப் பதிலாக, ‘இமேஜைக் கட்டும் குறிப்பையும் உட்பொருள் பட்டியலையும் சேர்த்துத் தர வேண்டும், அதிலிருந்து நாங்களே மறுபடி கட்ட முடிய வேண்டும்’ என்று கேட்டால் ஒப்பந்ததாரர் மாறினாலும் அறிவு அரசிடமே இருக்கும். ஆன்டிவைரஸ் பெட்டியை டிக் அடிக்கச் சொல்லும் படிவங்களும் கொஞ்சம் மாற வேண்டும்.

உங்களுக்கு என்ன?

நீங்கள் நொய்டாவிலோ குருகிராமிலோ, ஓஎம்ஆரிலோ சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தால், நாளைக்கே எல்லாவற்றையும் யூனிகெர்னலாக மாற்ற வேண்டியதில்லை. மாற்றவும் முடியாது. தரவுத்தளம், பழைய ஜாவா செயலி போன்றவற்றை அப்படியே விட்டுவிடுங்கள். ஒரே ஒரு வேலை செய்யும், தரவு எதையும் உள்ளே வைக்காத ஒரு சின்னச் சேவையிலிருந்து தொடங்கலாம்.

அதற்கும் முன்னால் ஐந்து நிமிட வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் பொறுப்பில் இருக்கும் ஒரு சர்வருக்குள் நுழைந்து, நிறுவப்பட்ட பேக்கேஜ்களை எண்ணிப் பாருங்கள். பிறகு எந்தெந்த போர்ட்களில் எந்தெந்த நிரல்கள் காத்திருக்கின்றன என்று பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எதற்கு, அதில் ஓட்டை வந்தால் யார் பேட்ச் போடுவார்கள் என்று எழுத முயலுங்கள். எழுத முடியாமல் விட்ட வரிகள்தான் உங்கள் வெட்ட வேண்டிய பட்டியல். செர்ட்-இன்னிலிருந்து யாராவது கேட்பதற்கு முன்பு நீங்களே அதைப் பார்த்துவிடுவது நல்லது.